உறைந்த வான்கோழி: உங்கள் வீட்டில் எப்படி?

கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டது. மூன்று வருடமாக எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு வான்கோழி என் பொறுப்பு. முதல் வருடம் நான் பட்ட பாடு இன்னொருவருக்கு வரக்கூடாது என்றுதான் இதைச் சொல்கிறேன். உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்.

அந்த வருடம் ஒன்பது பேருக்கென்று ஆறரை கிலோவில் ஒன்று வாங்கினேன். 23-ம் தேதி ராத்திரி ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். கோழிக்கு ஒரு ராத்திரி போதும், இதற்கு ஒன்றரை நாள் போதாதா என்ற நினைப்பு. 25-ம் தேதி காலையில் தொட்டுப் பார்த்தால் நெஞ்சுப் பகுதி மெத்தென்று இருந்தது. வயிற்றுக்குள் கையை விட்டேன், பாறை! உள்ளேயே போட்டு விற்கும் கழுத்துத் துண்டு ஐஸோடு ஒட்டிக்கொண்டு வரவே மாட்டேன் என்றது. வெந்நீரை ஊற்றி ஒருவழியாகப் பிடுங்கி எடுத்து, அப்படியே ஓவனில் ஏற்றிவிட்டேன்.

மூன்று மணி நேரத்தில் தோல் பொன்னிறமாகிவிட்டது, வீடே மணத்தது. வெட்டினால் தொடை எலும்பை ஒட்டி இன்னும் பச்சை. திரும்ப உள்ளே வைத்து, நாங்கள் சாப்பிட உட்கார்ந்தபோது மணி நாலரை. அதற்குள் தொடை வெந்தது, நெஞ்சுக்கறி நார்நாராக உலர்ந்துபோனது. பசியோடு காத்திருந்த பிள்ளைகளின் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அப்புறம்தான் கணக்கைத் தெரிந்துகொண்டேன். ஃப்ரிட்ஜில் இரண்டு கிலோவுக்கு ஒரு முழு நாள் என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஆறரை கிலோவுக்கு மூன்று நாளுக்கு மேல் ஆகும். இளகிய பிறகும் ஃப்ரிட்ஜிலேயே ஒன்றிரண்டு நாள் தாங்கும் என்பதால் முன்கூட்டியே எடுப்பதில் பயமில்லை. இப்போதெல்லாம் 20-ம் தேதி ராத்திரியே எடுத்துவிடுகிறேன். உறையைப் பிரிக்காமல், விளிம்பு உயர்ந்த தட்டில் வைத்து, ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் வைப்பேன். ஒழுகும் நீர் மற்ற சாப்பாட்டின் மேல் படக்கூடாது. அவசரத்துக்குச் சமையல் மேடையில் வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். உள்ளே ஐஸ் இருக்கும்போதே வெளிக்கறி மணிக்கணக்கில் அறைச் சூட்டில் கிடக்கும். சால்மோனெல்லா மாதிரிக் கிருமிகளுக்கு அது போதும்.

வாங்கும்போது தலைக்கு அரைக் கிலோ என்பது என் கணக்கு. எலும்பின் எடை அதில் அடக்கம். உறையில் கிழிசல் இருந்தாலோ, அடியில் சிவந்த நீர் கட்டியாக உறைந்திருந்தாலோ எடுக்க மாட்டேன். நடுவில் எங்கோ இளகி மறுபடி உறைந்திருக்கலாம். தோலில் வெளுத்த, உலர்ந்த திட்டுகள் இருந்தால் அது ஃப்ரீசரில் ரொம்ப நாள் கிடந்தது. கெடுதல் இல்லை, ஆனால் அந்த இடம் சக்கை மாதிரி இருக்கும்.

* * *

அக்கா, எடையைப் பார்த்தீர்கள் சரி, உறையில் இருக்கும் சின்ன எழுத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அதில்தான் நான் மாட்டினேன். சில வான்கோழியில் உப்புநீரை ஏற்கெனவே ஏற்றியே உறைய வைக்கிறார்கள். அது தெரியாமல் முந்தின நாள் முழுக்க நான் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தேன். வெந்ததும் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஒரு வாய் வைத்ததும் அப்பா தண்ணீர்ச் சொம்பைத் தேடினார். வடிந்த சாற்றை ஒரு கரண்டிகூடப் பயன்படுத்த முடியவில்லை.

உப்பு ஏற்றாததாக இருந்தால், ஊற வைப்பதைவிட உலர்ந்த உப்பைத் தடவுவதே மேல் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இளகினதும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, கிலோவுக்கு ஒரு டீஸ்பூன் தூள் உப்பை மேலும் உள்ளும் தடவி, மூடாமல் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் விடுவேன். உப்பு கறிக்குள் இறங்கும், தோல் உலரும். உலர்ந்த தோல்தான் மொறுமொறுவென்று வரும். குழாயில் கழுவ வேண்டாம். கழுவினால் கிருமி போகாது, தெறித்து சிங்க் முழுக்கப் பரவும். என் அம்மா இதை ஒத்துக்கொள்ள இரண்டு வருடம் ஆனது!

இன்னொன்று, கழுத்து, ஈரல் போன்றவற்றைப் பறவைக்குள்ளேயே பையில் போட்டு வைத்திருப்பார்கள், அது இரண்டு இடத்தில் இருக்கலாம். வயிற்றுக்குள் கழுத்தை எடுத்துவிட்டு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ஈரலும் இரைப்பையும் கழுத்துப் பக்கத் தோலுக்கு அடியில் தனிப் பையில் இருந்தன. பரிமாறும்போதுதான் பார்த்தோம்.

* * *

தம்பி சொன்னது சரி. நான் அவசரத்தில் கைகொடுத்த வழியைச் சொல்கிறேன். போன தடவை நாலு கிலோப் பறவை, 25-ம் தேதி விடியற்காலையிலும் கல்லாகக் கிடந்தது. உறையோடு அப்படியே சிங்க்கில் குளிர்ந்த தண்ணீரில் முக்கி வைத்தேன். அரை மணிக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். கிலோவுக்கு ஒரு மணி நேரம். ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஒன்பது மணிக்கு உள்ளே கை போனது. எட்டுத் தடவை தண்ணீர் மாற்றினேன், கை மரத்துப்போனது. வெந்நீர் ஊற்றலாமா என்று மருமகள் கேட்டாள். முழுப் பறவையை வெந்நீரில் போட்டால் மேல்கறி வெதுவெதுப்பாகிக் கெடத் தொடங்கும், வேண்டாம் என்றேன். இப்படி இளக்கியதை உடனே சமைத்துவிட வேண்டும், எடுத்து வைக்கக்கூடாது.

எண்ணெயில் முழுசாகப் பொரிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. உள்ளே கொஞ்சம் ஐஸ் இருந்தாலும் அந்தப் பக்கம் போகாதீர்கள் பிள்ளைகளே. ஐஸ் ஒரு நொடியில் ஆவியாகி, எண்ணெய் பொங்கி வழிந்து தீப்பிடிக்கும்.

* * *

எனக்கு நடந்தது வேறு. ஒன்பது கிலோவில் வாங்கிவிட்டேன், ஓவன் கதவு சாத்தவே இல்லை. கால்களையும் தொடைகளையும் வெட்டித் தனித் தட்டில் வைத்தேன். அதுதான் நான் செய்ததிலேயே நல்ல வான்கோழி! நெஞ்சுக்கறி வெந்ததும் அதை முதலில் எடுத்துவிட்டேன், தொடைகள் உள்ளேயே இன்னும் கொஞ்ச நேரம் இருந்து மெத்தென்று ஆயின. முழுசாக வைத்தால் தொடை வேகும்வரை நெஞ்சு காத்திருந்து உலர்கிறது, அவ்வளவுதான் விஷயம். இப்போது சின்னதாக வாங்கினாலும் வெட்டித்தான் சமைக்கிறேன்.

* * *

நியாயமான பேச்சு. ஆனாலும் முழுப் பறவை மேசைக்கு வரும்போது பிள்ளைகள் கை தட்டுவதை என்னால் விட முடியவில்லை. அதனால் இப்படிச் செய்கிறேன். நெஞ்சுத் தோலை விரலால் மெல்லத் தளர்த்தி உள்ளே வெண்ணெய் தடவுவேன். ஓவன் 165 டிகிரி. தோல் நிறம் பிடித்ததும் நெஞ்சின் மேல் மட்டும் அலுமினியத் தாளைப் போட்டு மூடுவேன். ஐந்து கிலோவுக்கு இரண்டரை முதல் மூன்று மணி நேரம் ஆகும், ஆனால் மணியை நம்பி எடுப்பதில்லை. குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிட்டேன். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்தினால் 74 டிகிரி காட்ட வேண்டும், நெஞ்சிலும் அப்படியே. வடியும் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்வது என்னை ஒருமுறை ஏமாற்றிவிட்டது. ரொட்டி, வெங்காயக் கலவையை உள்ளே திணிப்பதையும் விட்டுவிட்டேன். அதன் நடுவும் 74-க்கு வர வேண்டும், அதற்குள் கறி காய்ந்துவிடுகிறது. தனித் தட்டில் வேக வைத்தால் மேலே முறுகலாகவும் வருகிறது.

எடுத்ததும் வெட்டாமல் அரை மணி நேரம் விடுங்கள், சாறு பலகையில் ஓடாது. மிச்சக் கறியை இரண்டு மணி நேரத்துக்குள் எலும்பிலிருந்து பிரித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாலு நாளைக்கு ஆகும். எலும்புக்கூட்டை 26-ம் தேதி ஒரு வெங்காயமும் மிளகும் போட்டு மூன்று மணி நேரம் கொதிக்க விடுகிறேன். அந்த சூப்புக்காகவே என் சின்ன மகள் எலும்பைக் கவனமாக எடுத்து வைக்கிறாள்.