பி.சி.எம்., பாஸ்த்ரூ, கிராஸ்ஓவர்: விளக்கம் வேண்டுகிறேன்

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வயதான என் தாயாருக்குப் படங்களின் வசனம் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகவே சென்ற மாதம் 5.1 (ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும் கொண்ட) ஹோம் தியேட்டர் ஒன்றை வாங்கி, டிவியில் ஏ.ஆர்.சி. (டிவியின் ஒலியை ஹோம் தியேட்டருக்கு அனுப்பும் வழி) என்று குறிக்கப்பட்டுள்ள எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் இணைத்தேன். ஆனால் வசனத்துக்கென்றே உள்ள நடு ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்தாலும் சத்தமே இல்லை. ஸ்பீக்கர்களை இயக்கும் ரிசீவரின் திரையில் ‘பி.சி.எம். 2.0’ (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி, இரண்டு சேனல்) என்றே வருகிறது.

ஏ.ஆர்.சி. வழியே பி.சி.எம். ஒலி இரண்டு சேனல்களாக மட்டுமே செல்லும் என்றும், டால்பி டிஜிட்டல் போன்ற சுருக்கப்பட்ட 5.1 ஒலியைப் பிரிக்காமல் அப்படியே ரிசீவருக்கு அனுப்புவதுதான் பிட்ஸ்ட்ரீம் என்றும் புரிந்துகொண்டிருக்கிறேன். என் டிவியின் மெனுவிலோ பிட்ஸ்ட்ரீம் என்ற சொல்லே இல்லை, ‘பி.சி.எம்.’, ‘ஆட்டோ’, ‘பாஸ்த்ரூ’ ஆகிய மூன்றுதான் உள்ளன. இவற்றுள் பாஸ்த்ரூவைத் தேர்ந்தெடுப்பது சரியா? ஆட்டோ எந்த வகையில் அதிலிருந்து வேறுபடுகிறது?

இன்னொன்று, கிராஸ்ஓவர். 80 ஹெர்ட்ஸ் என்று வைத்தால் அதற்குக் கீழுள்ள ஒலி சப்வூஃபருக்குப் போகும் என்பது தெரியும். 3 அங்குலக் கோன் கொண்ட சிறிய ஸ்பீக்கர்களுக்கு 120 அல்லது 150 பொருத்தமாக இருக்குமா? பயன்படுத்திப் பார்த்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.