முத்திரையிலா இதழா, தீர்வை மறுப்பு இதழா?

வ. எழுதியது:
அன்புள்ள குழுவினருக்கு, இளங்கலை வரலாற்று மாணவர்களுக்காகப் பிரிட்டிஷ் இதழ்களைப் பற்றிய பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும், 'அன்ஸ்டாம்ப்டு பிரஸ்' என்ற ஒரே தொடரில் மூன்று நாளாக நிற்கிறேன். இங்கிலாந்தில் 1712 முதல் செய்தித்தாளுக்கு முத்திரைத் தீர்வை (அரசு முத்திரை குத்தி வாங்கும் வரி) இருந்தது, 1815இல் அது நான்கு பென்னி ஆகி நாளிதழ் விலை ஏழு பென்னிக்குப் போய்விட்டது. ஹென்றி ஹெதரிங்டன் தீர்வையே கட்டாமல் 1831இல் 'புவர் மேன்ஸ் கார்டியன்' வார இதழை ஒரு பென்னிக்கு விற்றார். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் ஓர் அச்சு எந்திரத்தின் படமும் 'அறிவே ஆற்றல்' என்ற வாசகமும் இருந்தன. இப்படிப்பட்ட இதழ்களைத் தெருவில் விற்றதற்காக நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள். 'முத்திரையிடப்படாத பத்திரிகை' என்றால் வகுப்பில் பிள்ளைகள் தபால்தலை ஒட்டாதது என்று நினைக்கிறார்கள். ஒரு நல்ல சொல் தாருங்கள்.

ந. எழுதியது:
முத்திரை வடசொல். நம்மிடம் 'பொறி' இருக்கிறதே அம்மா! காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் வாங்கிய பொருள்மேல் 'புலி பொறித்துப் புறம்போக்கி' என்கிறது பட்டினப்பாலை. வரி வாங்கியதற்கு அடையாளமாக அரசு இடும் குறி, அப்படியே இதே பொருள்தான். 'பொறியிலா இதழ்' என்று வையுங்கள்.

செ. எழுதியது:
ஐயா, மேற்கோள் அருமை, ஆனால் இன்றைக்குப் பொறி என்றால் எந்திரம். 1814இல் 'தி டைம்ஸ்' நீராவிப் பொறியில் அச்சாகத் தொடங்கிய செய்தியும் இந்தப் பாடத்திலேயே வரும். பொறியிலா இதழ் என்றால் கையால் அச்சடித்தது என்றுதான் மாணவர் படிப்பார்.

ந. எழுதியது:
சரி, பொறி வேண்டாம். அதே பட்டினப்பாலையில் சுங்கத்துக்கு 'உல்கு' என்று இருக்கிறது, வள்ளுவரும் 'உறுபொருளும் உல்குபொருளும்' என்கிறார். முத்திரையை விடுங்கள், சிக்கலே வரியில்தானே. 'உல்கிலி இதழ்'. இரண்டே சொல், சொல்லிப் பாருங்கள்.

த. எழுதியது:
சொல்லிப் பார்த்தேன் ஐயா, பக்கத்தில் இருந்தவர் எந்த ஊர் என்று கேட்டார். இன்னொன்று: அங்கே அச்சான இதழில் முத்திரை குத்தவில்லை. வெற்றுத்தாளை முத்திரை அலுவலகத்துக்கு அனுப்பிச் சிவப்பு முத்திரை வாங்கி வந்து, அப்புறம்தான் அச்சடிப்பார்கள். நம் 'முத்திரைத்தாள்' அதேதான், பத்திரப் பதிவுக்குப் போன எவருக்கும் புரியும். பத்திரமும் பத்திரிகையும் இலையைக் குறிக்கும் ஒரே வேரில் பிறந்தவை என்பதையும் வகுப்பில் சொல்லலாம். 'முத்திரையிடா' என்றால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இதழே முத்திரை இடவில்லை என்பதுபோல் படும். 'முத்திரையிலா இதழ்' போதும்.

செ. எழுதியது:
1855இல் கட்டாயத் தீர்வை போய்விட்டது. அதன்பின் தபாலில் அனுப்ப நினைத்தவர்கள் மட்டும் முத்திரை வாங்கினார்கள். அப்போது ஒரு பென்னி 'டெய்லி டெலிகிராப்' கூட முத்திரையிலா இதழ் ஆகிவிடுமே! ஹெதரிங்டன் சட்டத்துக்கு மாறாக வெளியிடுவதாக முதல் பக்கத்திலேயே அச்சிட்டவர். அந்த மறுப்பு சொல்லில் இருக்க வேண்டும். 'தீர்வை மறுப்பு இதழ்' என்பதே என் கருத்து.

வ. எழுதியது:
எல்லோருக்கும் நன்றி. தனிமடலில் வந்தவையும் சேர்த்து நான்கு பேர் 'முத்திரையிலா இதழ்' என்கிறார்கள், நேரமும் இல்லை, அதையே போடுகிறேன். முதலில் வரும் இடத்தில் தபால்தலை அல்ல, தீர்வை முத்திரை என்று ஒரு வரி விளக்கம் சேர்க்கிறேன்.

செ. எழுதியது:
எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அச்சுக்குப் போகட்டும். 1855க்குப் பிந்தைய பக்கங்களில் மட்டும் இந்தச் சொல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ந. எழுதியது:
அந்த விளக்க வரியில் உல்கையும் சேர்த்துவிடுங்கள் அம்மா.