பூந்தண்டு கிளம்பிய ஏயோனியம் டேபுலிஃபார்மி: விதை எடுக்க உதவி வேண்டும்

வணக்கம் நண்பர்களே. கேனரித் தீவுகளில் டெனெரிஃபேயின் பாறைச் சரிவுகளுக்கே உரிய ஏயோனியம் டேபுலிஃபார்மி என்ற சதைப்பற்றுச் செடி இது. இலைத்தட்டு 30 செ.மீ. அகலம், தொட்டி 12 செ.மீ., கலவை இரண்டு பங்கு பியூமிஸ் (நுண்துளை எரிமலைக்கல்), ஒரு பங்கு இலைமக்கு. தட்டின் நடுவில் தண்ணீர் நின்றால் குருத்து அழுகும் என்பதால் தொட்டி சாய்வாகவே இருக்கிறது.

ஒரு வாரமாக நடு இலைகள் கூம்பாக எழும்புகின்றன, இப்போது 6 செ.மீ. உயரம். பூத்து விதை கட்டியதும் இந்தச் செடி காய்ந்துவிடும். பக்கக்கன்று விடுவதும் அபூர்வம். இலையில் கன்று எடுக்கப் பார்த்ததில் நான்கும் அழுகிவிட்டன. அடிப்பகுதி முழுசாக வராமல் பாதியில் முறிந்ததும், காயம் உலருமுன் ஈரத்தில் வைத்ததும்தான் காரணம்.

இந்த நிலையில் தண்டை வெட்டி, பக்கக்கன்று வரவைத்தவர்கள் உண்டா? எத்தனை செ.மீ.யில், எவ்வளவு இலை விட்டு வெட்டினீர்கள்?

வெட்டாமல் விட்டால், ஒற்றைச் செடியின் மகரந்தத்திலேயே முளைக்கும் விதை கிடைக்குமா? பக்கத்தில் ஏயோனியம் அர்போரியமும் மொட்டு விட்டிருக்கிறது. ஏயோனியம் வகைகள் ஒன்றோடொன்று சுலபமாகக் கலந்துவிடும், கலப்பு விதை வேண்டவே வேண்டாம். பூங்கொத்துக்கு மெல்லிய வலைப்பை கட்டி, தூரிகையால் தொட்டால் போதுமா? விதை தூசி மாதிரி இருக்கும். காய் வெடிக்குமுன் எந்த நிறத்தில் கொத்தை அறுக்கிறீர்கள்? படத்தோடு சொன்னால் பெரிய உதவி.