கிராம சபைக்கு முன் பிள்ளைகளின் கருத்தைத் திரட்ட ஒரு கருவி: உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தில் மாலையில் படிக்க வரும் பிள்ளைகளுக்காக இதைக் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 15 கிராம சபையில் பிளஸ் டூ மாணவி ஒருத்தி, நோட்டிலிருந்து கிழித்த தாளை நான்காக மடித்துக் கையில் வைத்தபடி கடைசிவரை நின்றாள். பள்ளி விடும் நேரத்துக்கு ஒரு பஸ் வேண்டும், அவ்வளவுதான் அதில் இருந்தது. "வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிறதா?" என்று கேட்டு உட்காரவைத்துவிட்டார்கள். சட்டப்படி அவள் சபை உறுப்பினர் இல்லைதான். ஆனால் அந்தப் பஸ்ஸுக்குக் காத்து நிற்பவள் அவள்தானே?

நவம்பர் 1 சபைக்கு முன்பே பிள்ளைகளின் கருத்துகளைத் திரட்டி, பெரியவர்கள் மூலம் தீர்மானமாக முன்வைக்க விரும்புகிறோம். வாட்ஸ்அப் குழுவில் முயன்றோம். நான்கு பையன்களே பேசினார்கள். பெண்பிள்ளைகள் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

தைவானில் 2015இல் ஊபர் டாக்சி குறித்த விவாதத்துக்குப் பயன்பட்ட 'போலிஸ்' (Pol.is) என்ற இணையவழிக் கருத்துக்கேட்புக் கருவி எங்களுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அதில் ஒருவர் கருத்துக்கு இன்னொருவர் பதில் எழுத முடியாது. ஏற்கிறேன், மறுக்கிறேன், தெரியவில்லை என்று மட்டுமே சொல்லலாம். கூச்சப்படும் பிள்ளைக்கு அது பெரிய ஆறுதல். மக்கள் கருத்தைத் திரட்ட பார்சிலோனா மாநகராட்சி தொடங்கிய 'டெசிடிம்' (Decidim) தளமும் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற மென்பொருள்தான், ஆனால் அதை நிறுவிப் பராமரிக்க எங்களிடம் ஆள் இல்லை.

போலிஸைத் தமிழில் நடத்திப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? வீட்டுக்கு ஒரே கைப்பேசி என்றால், அக்காவும் தம்பியும் தனித்தனியாக வாக்களிக்க வழி உண்டா? சிறுவர்களின் பெயரும் எண்ணும் எங்கும் பதிவாகக் கூடாது. அதற்கு என்ன செய்யலாம்?

அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கியாக வேண்டும். தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.