மனநலச் சிகிச்சைக்கு மொழி தடையாகும் சிறுவன்: பேச்சு மொழி நிபுணர்களின் உதவி தேவை

சேலத்தில் குழந்தைகளுக்கு உளவியல் சிகிச்சை அளித்து வருகிறேன். வீட்டு வன்முறையைப் பார்த்து வளர்ந்து, இப்போது ஏற்காட்டு மலைக்கிராமம் ஒன்றில் பாட்டியிடம் இருக்கும் ஒன்பது வயதுச் சிறுவனின் சிகிச்சை அப்படியே நின்றுவிட்டது.

ஆடி மாதத்தில் தொடங்கிய இந்தச் சிகிச்சை, நடந்ததைச் சிறிது சிறிதாகச் சொல்லவைத்து அச்சத்தைத் தணிக்கும் முறையைச் சார்ந்தது. அதற்கு நிகழ்வுகளை வரிசைப்படுத்தவும் உணர்வுகளுக்குப் பெயரிடவும் தெரிந்திருக்க வேண்டும். இவனோ, நேற்றுப் பள்ளியில் என்ன விளையாடினாய் என்று கேட்டாலே, “அது... அவன் வந்து... அப்புறம் போச்சு” என்று நிறுத்திவிடுகிறான். கோபம், பயம், வெட்கம் எல்லாமே அவனுக்கு “ஒரு மாதிரி”தான். நீளமான கேள்விகளுக்குப் புரியாமலேயே தலையாட்டுகிறான். பள்ளியில் இதைப் பிடிவாதம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தாய்மொழி தமிழ், செவித்திறன் இயல்பாக உள்ளது. வீட்டிலும் பள்ளியிலும் ஒரே விதமாகவே பேசுவதால், இடத்திற்கு ஏற்ப வரும் மௌனமாகவும் தெரியவில்லை. பேச்சு வந்ததே தாமதம் என்கிறார் பாட்டி. ஓவியம், பொம்மை, குறுகிய கேள்விகள் ஆகியவற்றை முயன்றாயிற்று. முகபாவ அட்டைகளில் சரியான படத்தைத் தொடுகிறான், காரணம் சொல்ல வரவில்லை. இங்குள்ள ஸ்பீச் தெரபிஸ்ட் ஒருவர் உச்சரிப்பை மட்டும் சோதித்து, குறையில்லை என்று அனுப்பிவிட்டார்.

அவனுக்கு நேர்ந்ததைத் தொடாமலேயே, கதைசொல்லும் திறனையும் உணர்வுச் சொற்களையும் தமிழில் மதிப்பிட நீங்கள் எந்த வழியைக் கையாளுகிறீர்கள்?