புதுச்சேரியிலிருந்து பாரிஸ்: விமான தூரமும் உண்மையான பயண நேரமும்

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

வணக்கம். டிசம்பரில் பாரிஸிலுள்ள மகள் வீட்டுக்கு நானும் கணவரும் செல்லவிருக்கிறோம். சென்னைக்கும் சார்ல் தெ கோல் விமான நிலையத்துக்கும் இடையிலான தூரத்தை ஓர் இணையதளம் 8,022 என்றும், மற்றொன்று 4,985 என்றும், இன்னொன்று 4,332 என்றும் காட்டுகிறது. முகவர் எழுதிக் கொடுத்த நேரடி விமான விவரத்திலோ, இரவு 1.40க்குப் புறப்பட்டுக் காலை 8.20க்குச் சேர்வதாகவும், திரும்பும்போது காலை 10.30க்கு ஏறி நள்ளிரவு 12.40க்கு இறங்குவதாகவும் உள்ளது. போவதற்கு ஏழு மணி நேரம்கூட ஆகாத தூரத்துக்கு, வருவதற்கு மட்டும் பதினான்கு மணி நேரமா? துபாய் வழியாகச் சென்றால் கட்டணம் குறைகிறது. ஆனால் அது பெரிய சுற்றுவழி என்று கணவர் தயங்குகிறார்.

பதில் (லாஸ்பேட்டை)

மூன்றும் ஒரே தூரம்தான் அம்மா. முதலாவது கிலோமீட்டர், அடுத்தது மைல், கடைசியிலுள்ளது விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல். பயணச்சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தையே அச்சிடுவார்கள். டிசம்பரில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும் (கோடையில் மூன்றரை). எனவே போக 11 மணி 10 நிமிடம், வர 9 மணி 40 நிமிடம்.

பதில் (மஞ்சக்குப்பம், கடலூர்)

மேலே சொன்ன கணக்கு சரி. மிஞ்சும் ஒன்றரை மணி நேர வேறுபாட்டுக்குக் காற்றே காரணம். பெரிய விமானங்கள் பறக்கும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் வேகக்காற்று குளிர்காலத்தில் வலுக்கும். போகும்போது அது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று.

8,022 கிலோமீட்டர் என்பது உருண்டையான பூமியின்மேல் இழுத்த மிகக் குறுகிய கோடு. அது கராச்சிப் பக்கமாகச் சென்று, காஸ்பியன் கடலின் தென்கரையருகே பாதி தூரத்தை எட்டி, கருங்கடலைத் தாண்டிப் போகிறது. எந்த விமானமும் அக்கோட்டை அப்படியே பின்பற்றுவதில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடியதுபோன்ற தடைகள் வந்தால் வழி இன்னும் நீளும்.

துபாய் சுற்றுவழி என்பதுதான் பலருக்கும் உள்ள தவறான எண்ணம். சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,930, அங்கிருந்து பாரிஸ் 5,240, ஆக மொத்தம் 8,170 கிலோமீட்டர். கூடுதலாகும் 150 கிலோமீட்டர், நீங்கள் புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் காரில் போகும் தூரம்தான்! ஆகவே தூரத்தை விட்டுவிட்டு, துபாயில் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பாருங்கள். இரண்டு முதல் நான்கு மணி நேர இடைவெளி உங்கள் வயதுக்கு வசதி; ஒன்பது பத்து மணி நேரமானால் மிச்சமாகும் பணத்தை முதுகுவலிக்குக் கொடுக்க நேரும். இரண்டு விமானங்களும் ஒரே பயணச்சீட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கி, முதலாவது தாமதமானால் அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி ஐயா. கணவரிடம் படித்துக் காட்டினேன், துபாய்க்குச் சம்மதித்துவிட்டார். ஒருவேளை முகவர் சொன்ன நேரடி இரவு 1.40 விமானமே அமைந்தால் வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்?

பதில் (லாஸ்பேட்டை)

மாலை ஆறரைக்கே கிளம்பிவிடுங்கள் அம்மா. மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். டிசம்பர் மழையில் சாலைப் பயணமும் மூன்று மணி நேரத்தைத் தாண்டலாம். கிழக்குக் கடற்கரைச் சாலையைவிடத் திண்டிவனம் வழியே நல்லது, ஏனெனில் சென்னை விமான நிலையம் உள்ள மீனம்பாக்கம், திண்டிவனத்திலிருந்து வரும் அந்த ஜி.எஸ்.டி. (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலையிலேயே இருக்கிறது. பரனூர் சுங்கச்சாவடிக்கும் தாம்பரத்துக்கும் இடையில் ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டாயம்.