மறு: கலைச்சொல் – மனச்சான்று மறுப்பா, மனசாட்சி விலகலா?

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

தன் நம்பிக்கைக்கு ஒவ்வாத சிகிச்சையில், முக்கியமாகக் கருக்கலைப்பில், பங்கெடுக்க மாட்டேன் என்று மருத்துவரோ செவிலியரோ சொல்வதற்கு, நம் கையேட்டுக்கான கலைச்சொல் பட்டியலில் 'மனச்சான்று மறுப்பு' என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டோம். எனக்கு இரண்டு பாதியிலும் சிக்கல் இருக்கிறது.

முதலில் 'சான்று'. மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைப் பக்கம் சான்று என்றால் பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, உடல்தகுதிச் சான்று. செவிலியராக இருக்கும் என் அண்ணியிடம் சொல்லிப் பார்த்தேன். "அதுல யார் கையெழுத்துப் போடணும்?" என்று கேட்டார். மனசாட்சி என்றால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள். வடசொல் என்று ஆட்சேபம் வரும். வரட்டும்.

'மறுப்பு'தான் பெரிய சிக்கல். 'சிகிச்சை அளிக்க மறுப்பு' என்று பேப்பரில் பார்த்தால், நோயாளியை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றுதான் நினைப்போம். சட்டம் காப்பாற்றுவது அதை அல்ல. பிரிட்டனின் 1967 கருக்கலைப்புச் சட்டத்தில் 4-ஆம் பிரிவு, மனசாட்சி இடங்கொடுக்காதவர் பங்கேற்க வேண்டியதில்லை என்கிறது. ஆனால் பெண்ணின் உயிருக்கு ஆபத்து, நிரந்தரமான கடும் பாதிப்பு என்றால் அந்தச் சலுகை கிடையாது. வழக்கு என்று வந்தால், மனசாட்சிதான் காரணம் என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் பங்கேற்க மறுத்தவருடையதே. கிளாஸ்கோவில் பிரசவ வார்டை ஒருங்கிணைத்த இரண்டு கத்தோலிக்க மருத்துவச்சிகள், இந்தச் சிகிச்சைக்கு ஆள் ஒதுக்கித் தருவதும் மேற்பார்வை பார்ப்பதும்கூட எங்களால் ஆகாது என்று வழக்குப் போட்டார்கள். கைப்படச் செய்வதுதான் பங்கேற்பு, மற்றதெல்லாம் சேராது என்று 2014-ல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆக, ஒருவர் ஒதுங்குகிறார், இன்னொருவர் வந்து செய்கிறார். வழக்கிலிருந்து நீதிபதி விலகினார் என்று எழுதுகிறோமே, அந்த விலகல்தான் இது.

வாலில் 'உரிமை' என்று ஒட்டவும் வேண்டாம். நம் 1971 கருக்கலைப்புச் சட்டத்தில் இப்படி ஒரு பிரிவே இல்லை. 2002 மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகளோ நேர்மாறு: மருத்துவக் காரணம் இருக்கும்போது, மதத்தை மட்டும் காட்டிக் கருத்தடைக்கோ கருக்கலைப்புக்கோ மறுக்கக் கூடாது, அதைச் செய்யும் திறன் தனக்கில்லை என்று கருதினால் மட்டுமே விதிவிலக்கு. கையேட்டில் 'மனசாட்சி உரிமை' என்று அச்சானால், படிக்கிற செவிலியர் இல்லாத ஒன்றை நம்பி வேலையை இழப்பார். (அரசன் ஆணைக்குப் பணியாத அப்பர் கரையேறிய ஊரிலிருந்து இதைச் சொல்கிறேன் என்பது வேடிக்கைதான்.)

– கடலூரிலிருந்து

* * *

ஐயா, விலகலுக்கே என் ஓட்டும். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆவணங்களை மொழிபெயர்க்கிற எங்களுக்கு இது 'குளோஸ் தெ கோன்சியான்ஸ்', அதாவது மனசாட்சிப் பிரிவு. 1975-லிருந்து பிரெஞ்சுச் சட்டத்தில் இருக்கிறது. இன்றைய சட்டப்படி, விலகும் மருத்துவர் அதைத் தாமதிக்காமல் நோயாளியிடம் சொல்ல வேண்டும், செய்யக்கூடிய வேறு மருத்துவர்களின் பெயரையும் கையோடு தர வேண்டும். அதனால் பட்டியலில் 'மாற்றுப் பரிந்துரை' என்ற சொல்லும் பக்கத்திலேயே வரட்டும்.

ஆனால் மறுப்பை முழுசாகத் தூக்கிவிடாதீர்கள். அமெரிக்காவின் 1973 'சர்ச் திருத்தம்' என்ற சட்டத் திருத்தம் ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கே இந்தச் சலுகையைத் தருகிறது. ஆஸ்பத்திரியே மாட்டேன் என்றால் அங்கே பதிலுக்கு வர ஆள் ஏது? அது 'நிறுவன மறுப்பு' என்றே இருக்கட்டும். அப்புறம், வரைவில் யாரோ 'திருச்சபைத் திருத்தம்' என்று போட்டிருக்கிறீர்கள். அது பிராங்க் சர்ச் என்ற செனட்டரின் பெயர்.

– புதுச்சேரியிலிருந்து

* * *

சரிங்க அம்மா, திருத்திவிட்டேன். நிறுவன மறுப்பும் சேர்ந்தாயிற்று. விலகியவரை வேலையை விட்டு எடுக்கக் கூடாது என்பதற்கு 'விலகல் பாதுகாப்பு' என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதே சர்ச் திருத்தம், கருக்கலைப்பைச் செய்தவரையும் அதற்காக ஒதுக்கக் கூடாது என்கிறது. இரண்டையும் அடக்க 'மனசாட்சிப் பாதுகாப்பு' என்று மாற்றுகிறேன். ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்களன்று பட்டியல் அச்சுக்குப் போகிறது.

– கடலூரிலிருந்து